ஆங்கில வினைக்குப் பின்னால் என்ன வரும்? ப்ரெபொசிஷன் குழப்பம் தீர ஒரு முழுமையான வழிகாட்டி

'வி டிஸ்கஸ்ட் அபவுட் தி ப்ராப்ளம்', 'ஐ ரீச்ட் டு சென்னை', 'ஹி எக்ஸ்ப்ளெயின்ட் மீ தி சம்'. மூன்றையும் நம் அலுவலகங்களில் தினமும் கேட்கலாம், மூன்றும் தவறு. டென்ஸ் பிசகாமல் பேசுகிறவர்களும் இந்த இடத்தில் சறுக்குகிறார்கள். பள்ளியில் வினைச்சொல்லைப் படித்தபோது அதன் பொருளை மட்டும்தான் மனப்பாடம் செய்தோம். அது தனக்குப் பின்னால் எதைக் கேட்கும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

இத்தனைக்கும் இது நமக்குப் புதிய விஷயமே இல்லை. தமிழ் வினைகளும் இப்படித்தான். பஸ்ஸுக்குக் காத்திருக்கிறோம், பாட்டைக் கேட்கிறோம், கல்லூரியில் சேர்கிறோம், அத்தையிடம் பேசுகிறோம். 'பஸ்ஸைக் காத்திருந்தேன்' என்று குழந்தைகூடச் சொல்லாது. எந்த வினைக்கு எந்த வேற்றுமை உருபு என்பது நம் நாக்கில் ஊறிப்போயிருக்கிறது. பழைய ஆங்கிலத்திலும் பெயர்ச்சொற்களுக்கு வேற்றுமை விகுதிகள் இருந்தன. 1066இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்ததற்கு முன்னும் பின்னுமான சில நூற்றாண்டுகளில் அவை தேய்ந்து உதிர்ந்தன. இன்று மிச்சமிருப்பவை 'ஹிம்', 'ஹெர்', 'தெம்' போன்ற சில மட்டும். விகுதிகள் பார்த்த வேலையைச் சொற்களின் வரிசையும் ப்ரெபொசிஷன்களும் ('டு', 'இன்', 'ஃபார்' போல பெயர்த்தொடருக்கு முன்னால் வரும் சிறு சொற்கள்) பங்கு போட்டுக்கொண்டன.

அப்படியானால் 'கு' என்றால் 'டு', 'இல்' என்றால் 'இன்', 'ஓடு' என்றால் 'வித்' என்று ஒரு வாய்ப்பாடு போட்டுக்கொள்ளலாமே என்று தோன்றும். போட்டுக்கொண்டதால்தான் மேலே உள்ள தவறுகள் வருகின்றன. உருபை உருபோடு பொருத்தக் கூடாது. ஆங்கில வினையை அதன் பின்கட்டோடு, அதாவது தனக்குப் பின்னால் அது கேட்கும் அமைப்போடு, சேர்த்து ஒரே துண்டாகக் கற்க வேண்டும். அதைப் படிப்படியாகப் பார்ப்போம்.

ஒரு சின்னக் குறிப்பு: எல்லா ஆங்கிலச் சொற்களையும் தமிழ் எழுத்திலேயே தருகிறேன். 'ஓ-எஃப்' என்று எழுதும் சொல்லை 'ஆவ்' என்றும், 'ஓ-எஃப்-எஃப்' என்பதை 'ஆஃப்' என்றும் எழுதியிருக்கிறேன். இரண்டும் கலந்துவிடக் கூடாது.

படி 1: பெயர்த்தொடர் எங்கே முடிகிறது என்று பாருங்கள்

'ஐ மெட் தி ஓல்ட் மேன் ஹூ செல்ஸ் ஃப்ளவர்ஸ்' என்ற வாக்கியத்தில் 'மெட்' என்ற வினைக்குப் பின்னால் வரும் அத்தனை சொற்களும் சேர்ந்து ஒரே பெயர்த்தொடர். அந்த நீளமான தொடரை எடுத்துவிட்டு 'ஹிம்' என்று ஒற்றைச் சொல்லைப் போடலாம். பொருட்களுக்கு 'இட்' போடலாம். இந்த மாற்றுச் சோதனை கைவந்துவிட்டால் எந்த வாக்கியத்தையும் எலும்புக்கூடாக்கிவிடலாம்.

எலும்புக்கூடாக்கினால் கிடைக்கும் அமைப்புகள் அதிகமில்லை. வினைக்குப் பின் ஒன்றுமே வராது ('ஷி ஸ்லெப்ட்'). ஒரு பெயர்த்தொடர் நேராக வரும் ('ரீச் இட்'). ப்ரெபொசிஷனோடு வரும் ('டிபெண்ட் ஆன் இட்'). இரண்டு பெயர்த்தொடர் அடுத்தடுத்து வரும் ('கிவ் மீ தி கீ'). ஒன்று நேராகவும் மற்றொன்று ப்ரெபொசிஷனோடும் வரும் ('ப்ளேம் ஹிம் ஃபார் இட்'). 'ஆஃப்', 'அப்' போன்ற ஒட்டுச்சொல் வினையோடு சேர்ந்து வரும் ('டர்ன் இட் ஆஃப்'). நாம் தடுக்கி விழுவது பெரும்பாலும் இந்த ஆறுக்குள்தான்.

இப்படி வகைபிரிக்க வேண்டும் என்ற எண்ணம் வெளிநாட்டு மாணவர்களுக்குப் பாடம் எடுத்தவர்களிடமிருந்து வந்தது. ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஏ.எஸ். ஹார்ன்பி, சக ஆசிரியர்களோடு சேர்ந்து தயாரித்து 1942இல் டோக்கியோவில் வெளியான அகராதியில் வினைகளை 25 அமைப்புகளாகப் பிரித்திருந்தார். இன்று பலர் மேசையில் இருக்கும் ஆக்ஸ்ஃபோர்டு மாணவர் அகராதிக்கு அதுதான் மூதாதை. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவருக்கு இந்தப் பட்டியல் தேவைப்படாது, நமக்குத் தேவை.

படி 2: ப்ரெபொசிஷன் வேண்டாத வினைகளைத் தனியே எடுங்கள்

நம்மவர்களின் பிழைகளில் பெரும்பங்கு இங்கேதான், விட்டுவிடுவதால் அல்ல, தேவையில்லாமல் சேர்ப்பதால். 'டிஸ்கஸ்' பின்னால் 'அபவுட்' வராது. 'ரீச்' பின்னால் 'டு' வராது. 'என்டர் தி ரூம்' போதும், 'இன்டு' வேண்டாம் (ஒப்பந்தம் செய்துகொள்வதற்கு மட்டும் 'என்டர் இன்டு அன் அக்ரிமென்ட்'). 'மேரி' என்ற வினைக்கு 'வித்' கிடையாது: 'ஷி மேரீட் எ டாக்டர்'. 'ரிசெம்பிள்' என்றால் 'டு'வும் இல்லை, 'லைக்'கும் இல்லை. 'ஜாயின் தி காலேஜ்', 'பாஸ் தி எக்ஸாம்', 'அட்டெண்ட் தி மீட்டிங்', 'கான்டாக்ட் ஹிம்', 'மென்ஷன் இட்', 'கம்ப்ரைஸ் ஃபோர் பார்ட்ஸ்'. எல்லாம் நேரடி.

ஏன் சேர்க்கிறோம்? பாதிக் காரணம் தமிழ். 'கல்லூரியில் சேர்ந்தேன்' என்கிறோம், அதனால் 'ஜாயின்ட் இன் காலேஜ்'. 'அவனுக்கு போன் பண்ணினேன்' என்கிறோம், அதனால் 'ஐ ஃபோன்ட் டு ஹிம்'. மீதிப் பாதிக்கு ஆங்கிலமே பொறுப்பு. அதே சொல் பெயராக மாறும்போது ப்ரெபொசிஷன் முளைத்துவிடுகிறது! 'ஆன்சர் தி கொஸ்சன்', ஆனால் 'அன் ஆன்சர் டு தி கொஸ்சன்'. 'டிஸ்கஸ் தி ப்ளான்', ஆனால் 'எ டிஸ்கஷன் அபவுட் தி ப்ளான்'. இப்படியே 'ரிக்வெஸ்ட் எ மீட்டிங்', 'எ ரிக்வெஸ்ட் ஃபார் எ மீட்டிங்'. 'எம்ஃபசைஸ் தி பாயின்ட்', 'எம்ஃபசிஸ் ஆன் தி பாயின்ட்'. 'விசிட் ஊட்டி', 'எ விசிட் டு ஊட்டி'. 'அட்டாக் தி ஃபோர்ட்', 'அன் அட்டாக் ஆன் தி ஃபோர்ட்'. 'லேக் மணி', 'லேக் ஆவ் மணி'. 'ஆர்டர் டூ காஃபீஸ்', 'அன் ஆர்டர் ஃபார் டூ காஃபீஸ்'. 'ஆக்செஸ் தி ஃபைல்', 'ஆக்செஸ் டு தி ஃபைல்'.

இந்த ஒரு பத்தியைத் திரும்பத் திரும்பப் படித்தாலே மின்னஞ்சல் ஆங்கிலம் பாதி சுத்தமாகிவிடும் என்பது என் அபிப்ராயம். எழுதும்போது ஒரு நொடி நின்று, இங்கே இந்தச் சொல் வினையா, பெயரா என்று கேட்டால் போதும். பெயர் என்றால் ப்ரெபொசிஷன் தேடுங்கள். மேலே உள்ளதுபோன்ற வினை என்றால் கையைக் கட்டிக்கொள்ளுங்கள்.

ஊர்ப்பெயர் விஷயத்தில் இன்னொன்று. 'ரீச்' நேரடி, ஆனால் அதே பொருளுடைய 'அரைவ்' நேரடி அல்ல. ஊர், நாடு என்றால் 'அரைவ் இன்', நிலையம், கட்டடம் என்றால் 'அரைவ் அட்'. 'ஹோம்' வந்துவிட்டால் எதுவுமே வேண்டாம்: 'கோ ஹோம்', 'அரைவ்ட் ஹோம்'.

படி 3: கட்டாயம் வேண்டிய வினைகள்

இந்தப் பட்டியல் பலருக்கும் ஓரளவு தெரிந்ததுதான், அதனால் வேகமாகக் கடக்கிறேன். 'வெயிட் ஃபார்', 'லிசன் டு', 'லுக் அட்', 'டிபெண்ட் ஆன்', 'பிலாங் டு', 'கன்சிஸ்ட் ஆவ்', 'இன்சிஸ்ட் ஆன்', 'ரிப்ளை டு', 'கோப் வித்'. கடைசியாக உள்ளதற்கு நடுவில் 'அப்' செருகுவது நம் நாட்டு வழக்கம், அது வேண்டாம்.

சில வினைகள் ஆளைப் பொறுத்தும் பொருளைப் பொறுத்தும் வேறு வேறு ப்ரெபொசிஷன் எடுக்கும். ஒருவரிடம் மன்னிப்புக் கேட்பது 'அபாலஜைஸ் டு', செய்த காரியத்துக்கு 'ஃபார்'. ஒருவரோடு ஒத்துப்போவது 'அக்ரீ வித்', யோசனைக்குச் சம்மதிப்பது 'அக்ரீ டு', இரு தரப்பும் பேசி ஒரு தேதியை முடிவு செய்வது 'அக்ரீ ஆன்'. இவற்றைத் தனித்தனியாக இல்லாமல் ஒரே வாக்கியத்தில் வைத்துப் படியுங்கள்: 'ஷி கம்ப்ளெயின்ட் டு தி மேனேஜர் அபவுட் தி நாய்ஸ்'.

இங்கே 'டு'வின் இரட்டை வேடத்தையும் பார்த்துவிடலாம். 'லுக் ஃபார்வர்ட் டு' பின்னால் 'மீட்' வருமா, 'மீட்டிங்' வருமா? 'டு'வுக்குப் பின் 'இட்' போட்டுப் பாருங்கள். 'ஐ லுக் ஃபார்வர்ட் டு இட்' சரியாக இருக்கிறது. எனவே அது ப்ரெபொசிஷன், பின்னால் பெயர்த்தொடர்தான் வரும், வினை வந்தால் 'இங்' சேர்ந்தே வரும்: 'லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ'. 'ஐ வான்ட் டு இட்' என்று சொல்ல முடியாது, ஆகவே அது வேறு 'டு', அங்கே 'மீட்'. 'அப்ஜெக்ட் டு', 'பி யூஸ்ட் டு', 'கமிட்டட் டு' எல்லாம் முதல் வகை.

படி 4: வைத்தால் ஒரு பொருள், எடுத்தால் வேறு பொருள்

பாடப்புத்தகங்கள் அவசரமாகத் தாண்டிப்போகும் இடம் இது. எனக்குப் பிடித்த இடமும் இதுதான்.

'ஹி ஷாட் தி பர்ட்' என்றால் பறவை அடிபட்டுவிட்டது. 'ஹி ஷாட் அட் தி பர்ட்' என்றால் பறவையை நோக்கிச் சுட்டான், குறி தப்பியும் இருக்கலாம். 'போலீஸ் சர்ச்ட் தி ஹவுஸ்' என்பது வீட்டைச் சோதனை போட்டது, 'சர்ச்ட் ஃபார் தி ஹவுஸ்' என்பது வீடு எங்கே இருக்கிறதென்று தேடி அலைந்தது. 'ஐ நோ ஹிம்' என்றால் பழக்கம் உண்டு, 'ஐ நோ ஆவ் ஹிம்' என்றால் கேள்விப்பட்டிருக்கிறேன், அவ்வளவே. 'ஐ பிலீவ் ஹிம்' என்றால் அவர் சொல்வது உண்மை என்று நினைக்கிறேன், 'ஐ பிலீவ் இன் ஹிம்' என்றால் அவர்மேல் நம்பிக்கை வைத்திருக்கிறேன். பந்தை 'டு மீ' எறிந்தால் பிடிக்கக் கொடுக்கிறார்கள், 'அட் மீ' எறிந்தால் அடிக்கப் பார்க்கிறார்கள். 'ஷவுட் டு', 'ஷவுட் அட்' இரண்டுக்கும் இதே வித்தியாசம்: முதலாவது தூரத்தில் இருப்பவரைக் கூப்பிடுவது, இரண்டாவது திட்டுவது.

இந்த உதாரணங்களுக்குள் ஒரு ஒழுங்கு ஓடுகிறது. பெயர்த்தொடர் வினையை ஒட்டி நேராக நின்றால் செயல் அதன்மேல் முழுதாக இறங்குகிறது. நடுவில் ப்ரெபொசிஷன் நுழைந்தால் சற்று விலகல், முயற்சி, திசை என்று ஏதோ ஒன்று கூடுகிறது. எல்லா வினைக்கும் இது பொருந்தும் என்று சொல்ல மாட்டேன், ஆனால் புது வினை ஒன்றைப் பார்க்கும்போது ஊகிக்க உதவும். 'லோட்' என்ற வினையில் இது அழகாகத் தெரியும். 'தே லோடட் ஹே ஆன்டு தி கார்ட்' என்றால் வண்டியில் வைக்கோல் ஏற்றினார்கள், வண்டி நிறைந்ததா என்று தெரியாது. 'தே லோடட் தி கார்ட் வித் ஹே' என்றால் வண்டி நிறைந்துவிட்டது என்று கேட்பவர் எடுத்துக்கொள்வார். சுவருக்கு பெயின்ட் அடிக்கும் 'ஸ்ப்ரே'யும் இப்படியே.

அலுவலகத்தில் அடிக்கடி காதில் விழுவது 'ஐ ஹேவ் அப்ளைட் லீவ்'. 'அப்ளை' நேராக ஒரு பெயர்த்தொடரை எடுத்தால் பூசுவது, பயன்படுத்துவது என்று பொருள்: 'அப்ளை தி க்ரீம்', 'அப்ளை தி ரூல்'. விடுப்பைப் பூச முடியாதே! 'அப்ளைட் ஃபார் லீவ்' என்று எழுதுங்கள்.

படி 5: ஆளும் பொருளும் சேர்ந்து வரும்போது

'கிவ் மீ தி புக்' சரி, 'கிவ் தி புக் டு மீ' சரி. 'சென்ட்', 'ஷோ', 'டெல்', 'டீச்', 'லெண்ட்' எல்லாம் இப்படி இரண்டு விதமாகவும் வரும். 'பை', 'மேக்', 'குக்' போன்றவற்றைத் திருப்பினால் 'டு' அல்ல, 'ஃபார்': 'பை எ பென் ஃபார் மீ'.

இதைப் பார்த்துத்தான் 'எக்ஸ்ப்ளெயின் மீ' என்கிறோம். 'எக்ஸ்ப்ளெயின்', 'டிஸ்க்ரைப்', 'சஜெஸ்ட்', 'அனவுன்ஸ்', 'இன்ட்ரட்யூஸ்', 'டொனேட்' ஆகியவை ஆளை நேராக ஏற்காது. 'எக்ஸ்ப்ளெயின் இட் டு மீ' ஒன்றுதான் வழி. ஏன் இந்தப் பாகுபாடு? ஆங்கிலத்தின் சொந்தச் சொற்களான ஓரசை வினைகள் இரண்டு அமைப்பையும் ஏற்கின்றன. லத்தீன், பிரெஞ்சு வழியாக வந்த நீளமான வினைகளில் பலவும் 'டு' கேட்கின்றன. 'ஆஃபர்', 'ப்ராமிஸ்' இரண்டும் வெளியிலிருந்து வந்தவை என்றாலும் முதல் அசையில் அழுத்தம் விழுவதால் சொந்தச் சொற்களைப் போலவே நடந்துகொள்கின்றன. 'சே' நேர்மாறான விதிவிலக்கு. சொந்தச் சொல்தான், ஆனாலும் 'சே மீ' கிடையாது. 'டோல்ட் மீ' அல்லது 'செட் டு மீ', இவற்றைக் கலந்து 'டோல்ட் டு மீ தட்' என்று சொல்வதைக் கைவிடுங்கள்.

படி 6: நேராக ஒன்று, ப்ரெபொசிஷனோடு ஒன்று

பெத் லெவின் என்ற மொழியியலாளர் 1993இல் 3000க்கும் மேற்பட்ட ஆங்கில வினைகளை வகைப்படுத்தியபோது காட்டிய ஒரு விஷயம் நமக்குப் பெரிய உதவி: பொருளில் நெருங்கிய வினைகள் பின்கட்டிலும் நெருங்கியிருக்கும். ஆகவே குடும்பம் குடும்பமாகப் படியுங்கள்.

தடுப்பவை எல்லாம் 'ஃப்ரம்': 'ப்ரிவென்ட்', 'ஸ்டாப்', 'ப்ரொஹிபிட்', 'டிஸ்கரேஜ்'. கொடுத்து நிரப்புபவை 'வித்': 'ப்ரொவைட் அஸ் வித் வாட்டர்', 'சப்ளை', 'ஈக்விப்'. தெரிவிப்பவை 'ஆவ்': 'இன்ஃபார்ம் ஹிம் ஆவ் தி டேட்', 'ரிமைண்ட்', 'வார்ன்'. பறிப்பவையில் ஒரு வில்லங்கம் உண்டு. 'ராப்' செய்தால் ஆள் நேராக வருவார், 'ஸ்டீல்' செய்தால் பொருள் நேராக வரும்: 'தே ராப்ட் ஹிம் ஆவ் ஹிஸ் வாலட்', 'தே ஸ்டோல் ஹிஸ் வாலட் ஃப்ரம் ஹிம்'. 'மை ஃபோன் வாஸ் ராப்ட்' என்று சொல்வது தவறு, போன் 'ஸ்டோலன்', நீங்கள்தான் 'ராப்ட்'.

போலீஸ் செய்தி எழுதுகிறவர்களுக்கு: 'அக்யூஸ் ஆவ்', 'சார்ஜ் வித்', 'அரெஸ்ட் ஃபார்', 'கன்விக்ட் ஆவ்'. நான்கும் ஒரே செய்தியில் வரும், நான்குக்கும் பின்கட்டு மாறாது.

படி 7: ப்ரெபொசிஷன் மாதிரி தெரியும், ஆனால் அது அல்ல

'ஹி ரான் அப் தி ஹில்', 'ஹி ரான் அப் எ பில்'. முதலாவதில் மலைமேல் ஓடினான், இரண்டாவதில் பில்லை ஏற்றிவிட்டான். எழுத்தில் ஒரே அச்சு, உள்ளே வேறு. பெயர்த்தொடருக்குப் பதில் 'இட்' போட்டதும் குட்டு உடைந்துவிடும்: மலைக்கு 'ரான் அப் இட்', பில்லுக்கு 'ரான் இட் அப்'. முதல் 'அப்' ப்ரெபொசிஷன், இரண்டாவது வினையோடு ஒட்டிய துணைச்சொல். பேசும்போதும் தெரியும், துணைச்சொல்லின் மேல் குரல் அழுத்தம் விழும்.

எனவே 'டர்ன் ஆஃப் தி ஃபேன்', 'டர்ன் தி ஃபேன் ஆஃப்' இரண்டும் சரி, 'டர்ன் இட் ஆஃப்' சரி, 'டர்ன் ஆஃப் இட்' தவறு. பெயர்த்தொடர் நீளமாக இருந்தால் துணைச்சொல்லை வினையோடேயே விட்டுவிடுங்கள்: 'பிக் அப் ஆல் தி பேப்பர்ஸ் லையிங் ஆன் தி ஃப்ளோர்'. கடைசியில் கொண்டுபோய் 'அப்' போட்டால் கேட்பவர் மூச்சு வாங்குவார். 'புட் அப் வித்', 'ரன் அவுட் ஆவ்', 'கம் அப் வித்' போன்ற மூன்று சொல் வினைகளைப் பிரிக்கவே வேண்டாம்.

படி 8: பெயர்த்தொடர் இடம் மாறினாலும் ப்ரெபொசிஷன் தங்கும்

தமிழில் 'நான் அந்த கம்பெனியில் வேலை பார்த்தேன்' என்பதை 'நான் வேலை பார்த்த கம்பெனி' என்று மாற்றினால் 'இல்' காணாமல் போய்விடும். 'அவரிடம் பேசினேன்', 'நான் பேசியவர்', இங்கே 'இடம்' போய்விட்டது. ஆங்கிலத்தில் போகாது. 'தி கம்பெனி ஐ வொர்க்ட் ஃபார்', 'தி மேன் ஐ ஸ்போக் டு', 'தி ஹோட்டல் வி ஸ்டேய்ட் அட்'. கடைசிச் சொல்லை விழுங்குவது தமிழ் வாடை அடிக்கும் பிழை. கேள்வியிலும் அப்படியே: 'வாட் ஆர் யூ வெயிட்டிங் ஃபார்?' செயப்பாட்டு வினையிலும்: 'தி பேபி வாஸ் லுக்ட் ஆஃப்டர் பை ஹெர் ஆன்ட்'. படி 5 ஞாபகம் இருந்தால் 'ஐ வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட்' ஏன் தவறு என்பதும் புரியும்: விளக்கப்படுவது நீங்கள் அல்ல, 'இட் வாஸ் எக்ஸ்ப்ளெயின்ட் டு மீ'.

வாக்கியத்தை ப்ரெபொசிஷனில் முடிக்கக் கூடாது என்று உங்கள் ஆசிரியர் சொல்லியிருக்கலாம். ஜான் ட்ரைடன் 1672இல் பென் ஜான்சனின் எழுத்தில் அதைக் குறையாகச் சொன்னார், அன்று தொடங்கிய வழக்கு இன்னும் முடியவில்லை. கடுமையான அலுவல் கடிதத்தில் 'டு ஹூம்' என்று முன்னால் கொண்டுவாருங்கள். மற்ற இடங்களில் கவலைப்படாமல் கடைசியில் விடுங்கள்.

நாட்டுக்கு நாடு சிறு வேறுபாடுகளும் உண்டு. பிரிட்டனில் 'ப்ரொடெஸ்ட் அகெயின்ஸ்ட் தி டிசிஷன்', 'ரைட் டு மீ'. அமெரிக்காவில் 'ப்ரொடெஸ்ட் தி டிசிஷன்', 'ரைட் மீ'. எதையாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கட்டுரை முழுக்க அதிலேயே போங்கள்.

படி 9: குறிப்பேட்டில் எழுதும் முறை

'ப்ரிவென்ட் = தடு' என்று எழுதாதீர்கள். 'ப்ரிவென்ட் சம்வன் ஃப்ரம் டூயிங் சம்திங்' என்று ஆள், பொருள் இடங்களை வெற்றாக விட்டு எழுதுங்கள். மாணவர் அகராதிகள் வினைகளை இப்படித்தான் காட்டுகின்றன, பொருளைப் பார்த்ததோடு நிறுத்தாமல் அந்த வரியையும் பாருங்கள். அடியில் உங்கள் வாழ்க்கையிலிருந்து ஒரு வாக்கியம். அதே பக்கத்தில் அந்த வினையின் பெயர்ச்சொல் வடிவத்தையும் அதன் ப்ரெபொசிஷனோடு எழுதிவையுங்கள்.

சரி, இப்போது சோதித்துப் பாருங்கள். கீழே உள்ள ஆறில் எவை தவறு?

'வி ஆர்டர்ட் ஃபார் டூ தோசாஸ்.'
'ஷி இஸ் லிசனிங் மியூசிக்.'
'தேர் வாஸ் எ லாங் டிஸ்கஷன் அபவுட் சேலரி.'
'ஹி சஜெஸ்டட் மீ எ குட் டாக்டர்.'
'திஸ் இஸ் தி ஹவுஸ் ஐ க்ரூ அப் இன்.'
'ஐ ஆம் நாட் யூஸ்ட் டு வேக் அப் எர்லி.'

மூன்றாவதும் ஐந்தாவதும் சரி. முதலாவதில் 'ஃபார்' வேண்டாம். இரண்டாவதில் 'டு' விட்டுப்போயிருக்கிறது. நான்காவது 'சஜெஸ்டட் எ குட் டாக்டர் டு மீ'. ஆறாவதில் 'யூஸ்ட் டு' பின்னால் 'இட்' போட்டுப் பாருங்கள், 'வேக்கிங்' ஏன் என்று தெரிந்துவிடும்.